மெயினுக்கு முன்னால் ஒரு லைன்

மே 7

காலையில் கடைக்கு ஒரு படகு முதலாளி வந்து உட்கார்ந்துவிட்டுப் போனார். அவர் போய் இரண்டு மணி நேரம் ஆகியும் நாற்காலியில் மீன் வாடை போகவில்லை. சோப்புப் போட்டுக் கழுவி வெயிலில் வைத்திருக்கிறேன்.

பெயர் ரெமிஜியூஸ். ஹார்பரில் எல்லாரும் சம்மாட்டி என்கிறார்கள். ‘சந்தியாகப்பர்’ என்ற விசைப்படகு அவருடையது. என் மகன் நாயகம் எஞ்சின் டிரைவராக இருப்பது அந்தப் படகில்தான். இப்போது மீன்பிடித் தடைக்காலம், படகைக் கரையேற்றி மராமத்து பார்க்கிறார்களாம். அடியில் சேரும் தண்ணீரைத் தானாக இறைத்துக் கொட்டும் பம்பு ஒன்று வாங்கியிருக்கிறார். அதை மாட்டி வயரிங் செய்து தர வேண்டும்.

“நான் லாரிக்குத்தான் வயரிங் பாக்கேன், போட்டுக்குப் பாக்கது இல்ல” என்றேன்.

“உங்க மவனும் அதத்தான் சொன்னான். எங்கப்பா வரமாட்டாரு, வேற ஆளைப் பாருங்கன்னான். நான்தான் கேட்டுப் பாப்பமேன்னு வந்தேன். பிப்ரவரில நடுக்கடல்ல எஞ்சின் நின்னுட்டு, அண்ணாச்சி. எஞ்சின் நின்னா பெல்ட்டு பம்பும் நின்னுரும்லா? ஆறு பேரும் நாலு மணி நேரம் பக்கெட்டால இறைச்சிருக்கானுவ. உங்க மவன் இடுப்பளவு தண்ணிக்குள்ள நின்னு எஞ்சினை ஓட வச்சான். வீட்ல சொல்லலியா?”

வீட்டில் சொல்லவில்லை. இரண்டு வருஷமாக அவன் என்னிடம் எதையும் சொல்வதில்லை, நானும் கேட்பதில்லை. முட்டைகூட ஏறாத வீட்டில் பிறந்து, டீசல் மெக்கானிக் படித்து, போயும் போயும் மீன் படகில் ஏறினான். ஹார்பர் பக்கமே ஒரு அறை எடுத்துத் தங்கிக்கொண்டான். வாரத்துக்கு ஒரு முறை அம்மாவைப் பார்க்க வருவான். அவன் சட்டையை என் மனைவி ஆவுடை தனியாக ஊறப்போடுவாள். அந்த வாளியைக் கண்டாலே எனக்குக் குமட்டும்.

வருகிறேன் என்று சொல்லிவிட்டேன். அவன் என்ன, நான் வரமாட்டேன் என்று முடிவுகட்டுவது?

மே 9

இதை எழுதுவதற்கு முன் இரண்டு தடவை குளித்தேன்.

படகு கரையில் கட்டைகள்மேல் நிற்கிறது. ஏணி வைத்து ஏறி, எஞ்சின் அறைக்குள் இறங்கி, அங்கிருந்து பலகையைத் தூக்கினால் அடிப்பகுதி. பலகையைத் தூக்கியதும் ஒரு வாடை வந்தது. எனக்கு ஐம்பத்தெட்டு வயது. ஆட்டுத்தோல் ஏற்றிய லாரிக்கு வயரிங் பார்த்திருக்கிறேன், கோழிக்கழிவு லாரிக்கும் பார்த்திருக்கிறேன். அதெல்லாம் சந்தனம் என்று வைத்துக்கொள்ளலாம்.

கறுப்பாக, கொழகொழவென்று முழங்கால் அளவுக்குச் சேறு. டீசல், கிரீஸ், அழுகிய மீன் செதில், வலைத்துண்டு, பீடிக்கட்டு, பரோட்டா கட்டிய இலை. ஒரு எலி, செத்து நாளாகிவிட்டது. அதற்குள் கையை விட்டால்தான் பம்பு உட்கார வேண்டிய பள்ளம் தெரியும். விட்டேன். ஏதோ வழுக்கிக்கொண்டு போனது. என்னவென்று பார்க்கவில்லை.

பழைய வயரிங்கைப் பார்த்தபோது வாடையே மறந்துவிட்டது. ஒயரோடு ஒயரை முறுக்கி, டேப் இல்லாமல் பால் கவரைச் சுற்றி, அதன்மேல் நைலான் நூலால் கட்டியிருக்கிறான் எவனோ. செம்பு முழுக்கப் பச்சைப்பூத்து, தொட்டால் உதிர்கிறது. இதை நம்பி ஆறு பேர் கடலுக்குப் போயிருக்கிறார்கள். மனுஷனுக்குக் கொஞ்சமாவது கூச்சம் வேண்டாமா.

நாயகம் மேலே நின்றுகொண்டு டார்ச் அடித்தான். நான் மேலே வந்து வாந்தி எடுத்தபோது செம்பில் தண்ணீர் நீட்டினான். செம்பிலும் வாடை. குடிக்கவில்லை.

மே 10

சோறு இறங்கவில்லை. மோர் மட்டும்.

மே 12

சேற்றை நாயகமும் சூசை என்கிற கடலாளும் வாளி வாளியாக அள்ளிவிட்டார்கள். அதை எங்கே கொண்டு கொட்டினார்கள் என்று நான் கேட்கவில்லை. கேட்டால் நான் சண்டை போட வேண்டியிருக்கும்.

பம்பு பொருத்தியாயிற்று. பக்கத்திலேயே மிதவை சுவிட்சு. தண்ணீர் ஏறினால் மிதவை எழும்பும், பம்பு தானாக ஓடும். தண்ணீர் வடிந்தால் மிதவை இறங்கும், பம்பு நிற்கும். மிதவையில் குப்பை சிக்காமல் இருக்க, சுற்றி ஓட்டை போட்ட தகடு வைத்து அடைத்தேன். பம்பின் ஓஸ் குழாய் மேலே ஏறி, ஒரு வளைவு வளைந்து, படகின் பக்கவாட்டில் தண்ணீர் மட்டத்துக்கு மேலே வெளியே போகிறது. வளைவு இல்லாவிட்டால் கடல் தண்ணீர் அதே ஓஸ் வழியாக உள்ளே வந்துவிடுமாம். சொன்னது நாயகம். அது சரிதான், அதனால் வைத்தேன்.

எர்த்தை எங்கே அடிப்பது என்று தேடினேன். லாரியில் எங்கே தொட்டாலும் இரும்பு, பாடியில் ஒரு போல்ட் போட்டால் முடிந்தது. நான் பாட்டுக்கு ஒயரைக் கையில் வைத்துக்கொண்டு சுற்றிச் சுற்றிப் பார்க்கிறேன். எல்லாம் மரம்.

“மரத்துல எர்த் ஏதுப்பா? பேட்டரிக்கே திரும்பக் கொண்டு போணும்” என்றான் நாயகம். சூசை அந்தப் பக்கம் திரும்பிச் சிரித்தான்.

எனக்குத் தெரியாதா? ஒரு நிமிஷம் பழக்கத்தில் தேடிவிட்டேன். அவ்வளவுதான்.

அதோடு விட்டானா? சாயங்காலம் இறங்கி வரும்போது இன்னொன்று சொன்னான். “பம்பு லைனை மட்டும் மெயின் சுவிட்சுக்கு முன்னாடி, பேட்டரில இருந்து நேரா எடுத்துருங்கப்பா. கரைக்கு வந்தா நாங்க மெயினை ஆஃப் பண்ணிட்டுத்தான் எறங்குவோம். ஆள் இல்லாதப்பத்தான் பம்பு ஓடணும்.”

“பாத்துக்கிடலாம்” என்றேன்.

முப்பத்தோரு வருஷமாக நான் மெயினுக்கு முன்னால் ஒரு லைன்கூட எடுத்தது கிடையாது. எட்டயபுரம் ரோட்டில் பஞ்சு லாரி ஒன்று நின்ற இடத்திலேயே எரிந்ததை என் கண்ணால் பார்த்தேன். எவனோ ஒரு புண்ணியவான் பேட்டரியிலிருந்து நேராக பாட்டுப்பெட்டிக்கு லைன் எடுத்திருந்தான். மெயினை அணைத்தால் வண்டியில் ஒரு நூல் ஒயரில்கூடக் கரண்டு இருக்கக் கூடாது. அதுதான் வேலை. மீன் வாடையில் இரண்டு வருஷம் கிடந்தவன் எனக்கு வயரிங் சொல்லித் தருகிறான்.

மே 16

வேலை முடிந்தது. எல்லா இணைப்பும் ஈயம் வைத்து, மேலே ரப்பர் உறை சுருக்கி, தண்ணீர் எட்டாத உயரத்தில். ஒயர்களைப் பைப்புக்குள் விட்டு, சாணுக்கு ஒரு கிளிப் அடித்து, மெயின் பெட்டிக்குப் பின்னால் கொண்டுபோய் மூடிவிட்டேன். பத்து வாளி தண்ணீர் ஊற்றிப் பார்த்தோம். மிதவை எழும்பியது, பம்பு ஓடியது, தண்ணீர் பக்கவாட்டில் பீய்ச்சி அடித்தது. சூசை கைதட்டினான். சம்மாட்டி எனக்கு ஒரு சால்வை போர்த்தினார். அது எந்தக் கோயில் கொடையில் அவருக்குப் போர்த்தியதோ, அதிலும் வாடை.

“மெயினுக்கு முன்னாடி எடுத்தாச்சாப்பா?” என்று நாயகம் கேட்டான்.

“ஆச்சு” என்றேன்.

ஒரு ராஜபாளையம் லாரி காத்துக்கொண்டிருந்தது. கிளம்பி வந்துவிட்டேன்.

மே 30

இன்று படகைத் தண்ணீரில் இறக்கினார்களாம். ஆவுடை போய்ப் பார்த்துவிட்டு வந்து சொன்னாள். ஆறு வாரம் வெயிலில் காய்ந்த மரமாம், ஊறி இறுகும்வரை நாலைந்து நாள் பலகைச் சந்துகளில் தண்ணீர் ஏறுமாம். “ஒங்க பம்பு நாள் பூரா ஓடுதாம். எல்லாரும் சொல்லிக்கிடுதாங்க” என்றாள்.

ஓடாமல்?

ஜூன் 3

காலை ஏழு மணிக்கு சூசை சைக்கிளில் வந்து, “அண்ணாச்சி, போட்டு உக்காந்துட்டு” என்றான். புரியாமல் விழித்தேன். படகு தண்ணீருக்குள் உட்கார்ந்துவிட்டது என்கிறான்.

நேற்று சம்மாட்டியின் அண்ணன் மகளுக்குக் கல்யாணம். முந்தைய இரவுகளில் யாராவது படகிலேயே படுத்திருந்ததால் மெயினை அணைக்கவில்லையாம்; நேற்று எல்லாரும் போயிருக்கிறார்கள். கடைசியாக இறங்கியது நாயகம். வழக்கம்போல மெயினை அணைத்துவிட்டு இறங்கியிருக்கிறான்.

ஹார்பரில் கூட்டம். படகின் பின்பக்கம் முழுவதும் தண்ணீருக்குள். முன்பக்கம் மட்டும் மேலே தூக்கிக்கொண்டு நின்றது. சுற்றிலும் டீசல் படலம், அதில் மிதக்கும் செருப்புகள், ஒரு பாய், என் கிளிப் பாக்கெட். பக்கத்துப் படகுகளில் இருந்து நாலு பம்பு போட்டு இறைத்துக்கொண்டிருந்தார்கள். எஞ்சின் முழுக்க உப்புத்தண்ணீரில் ஊறிவிட்டது. இன்னும் பன்னிரண்டு நாளில் கடலுக்குப் போக வேண்டிய படகு.

சம்மாட்டி தொண்டை கிழியக் கத்தினார். “ஆட்டோமேட்டிக்குனு சொல்லித்தானல வாங்குனோம்? மெயினை எவம்ல ஆஃப் பண்ணுனது?”

“நான்தான்” என்றான் நாயகம்.

“பம்பு ஓடிட்டு இருக்குன்னு தெரியும்லா? தெரிஞ்சும் ஆஃப் பண்ணிட்டுப் போயிருக்க. நீயெல்லாம் ஒரு டிரைவரா? இனி எம் போட்டுல ஏறாத. வேற ஆள் பாத்துக்கிடுதேன்.”

நாயகம் என்னைப் பார்த்தான். ஒரே ஒரு தடவைதான் பார்த்தான். பிறகு குனிந்து, மிதந்து வந்த ஒரு ஸ்பானரை எடுக்கப் போனான். ஸ்பானர் மிதக்காது. அது ஏதோ மரத்துண்டு. அதையும் கையில் வைத்துக்கொண்டு நின்றான்.

அங்கே நூறு பேர் நின்றார்கள். அவர்களில் நாற்பது பேருக்காவது என்னைத் தெரியும். எனக்கு அந்த வாடையில் தலை சுற்றியது. அதனால் வந்துவிட்டேன்.

ஜூன் 4

நாயகம் அறையைக் காலிசெய்துவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டான். ஆவுடை அவியல் வைத்தாள்.

ஜூன் 5

காலையில் நான் கூப்பிடாமலே கடைக்கு வந்தான். ஒரு டிப்பரின் டைனமோவைப் பிரித்துப் போட்டு, மதியத்துக்குள் மாட்டிவிட்டான். கை சுத்தம். என்னைவிடச் சுத்தம் என்றுகூடச் சொல்லலாம். கோவில்பட்டி டிரைவர், “மவனா அண்ணாச்சி? இத்தன நாள் எங்க ஒளிச்சு வச்சிருந்திய?” என்று கேட்டார். நன்றாகத்தான் இருந்தது.

மதியம் இருவரும் ஒரே டிபன் கேரியரில் சாப்பிட்டோம். சாயங்காலம் கடையைப் பூட்டும்போது, “ஹார்பர் பக்கம் ஏதும் போறியளாப்பா?” என்று கேட்டான். எனக்கு அங்கே என்ன வேலை? இல்லை என்றேன். சரி என்றான்.

ஜூன் 6

அவன் சட்டையில் வாடை குறைந்துவிட்டது. ஆவுடை எல்லார் துணியையும் ஒரே வாளியில் ஊறப்போட்டிருந்தாள்.

நடந்தது நல்லதுக்குத்தானோ என்னவோ. எஞ்சினைப் பிரித்துக் கழுவி மாட்டிவிட்டார்களாம், அதற்கு ஒன்றும் ஆகவில்லை. படகுக்கும் சேதம் இல்லை. யாருக்கு என்ன குறை? கடலில் இடுப்பளவு தண்ணீரில் நின்றவன் வீட்டில் ரசம் விட்டுச் சாப்பிடுகிறான். அவன் அம்மா இரவில் தூங்குகிறாள்.

கடை பூட்டும்போது மறுபடியும் கேட்டான். “ஹார்பர் பக்கம் போறியளாப்பா?” இல்லை என்றேன்.

ஜூன் 8

இன்றும் கேட்டான்.

ஜூன் 9

கேட்கவில்லை. நிம்மதி என்று எழுத வந்தேன். எழுதினால் பொய்.

ஜூன் 11

சம்மாட்டி குளச்சலில் இருந்து ஒரு டிரைவரைப் பேசிவைத்திருப்பதாக ஆவுடை சந்தையில் கேட்டுவிட்டு வந்தாள். சாப்பிடும்போது சொன்னாள். நாயகம், “அவரு நல்ல டிரைவரும்மா” என்று சொல்லிவிட்டு இலையை மடித்தான். சோறு பாதிக்கு மேல் இருந்தது.

“போட்டு இல்லாட்டி என்னய்யா, கடை இருக்குல்லா” என்றாள் ஆவுடை.

“ஹார்பர்ல இனி எவனும் என்னை எடுக்கமாட்டாம்மா. ஓடுத பம்பை ஆஃப் பண்ணி போட்டை முக்குனவன்னு பேராயிட்டு.” கோபமாகக்கூடச் சொல்லவில்லை. மழை வரும்போலிருக்கிறது என்பதுபோலச் சொன்னான்.

நான் மோர் ஊற்றிக்கொண்டேன். என்னால் எப்படி மோர் ஊற்றிக்கொள்ள முடிந்தது என்று இப்போது நினைத்தால் அருவருப்பாக இருக்கிறது.

ஜூன் 12

மதியம் ஒரு பழைய வாடிக்கையாளர் வந்தார். தூத்துக்குடி, மதுரை என்று முப்பது வருஷமாக வண்டி ஓட்டுகிறவர். என் முதுகில் தட்டி நாயகத்திடம், “ஒங்க அப்பா கை வச்ச வயரிங்குல ஒரு தப்பு காட்டிருவானால எவனாவது?” என்றார்.

நாயகம் ஒயரைச் சீவிக்கொண்டிருந்தான். நிமிராமல், “இல்ல அண்ணாச்சி” என்றான்.

குத்திக்காட்டினான் என்றால் தாங்கியிருப்பேன். அவன் குரலில் அது இல்லை. நான் கடைக்குப் பின்னால் போய் நின்றேன். அங்கே மீனும் இல்லை, சேறும் இல்லை. பேட்டரிக்கு ஊற்றும் தண்ணீர் கேன்கள்தான் இருந்தன. ஆனாலும் வாந்தி வந்தது.

மே மாதம் பன்னிரண்டாம் தேதி எழுதியதை எடுத்துப் படித்தேன். பதினாறாம் தேதி எழுதியதையும். ‘ஆச்சு என்றேன்’ என்று எழுதி, அடுத்த வரியில் ராஜபாளையம் லாரியைப் பற்றி எழுதியிருக்கிறேன். யாரும் படிக்காத டைரியிலேயே எவ்வளவு சாமர்த்தியம். என் மகன் என்னிடம் கேட்டான், நான் பொய் சொன்னேன். அவன் அதை நம்பி மெயினை அணைத்தான். இவ்வளவுதான் விஷயம். இதை எழுத எனக்கு ஒன்பது நாள் ஆகியிருக்கிறது. அதிலும் இந்த ஒன்பது நாள் நான் சந்தோஷமாக இருந்தேன். அதையும் எழுதிவிடுகிறேன். மகன் கடைக்கு வந்ததில் சந்தோஷமாக இருந்தேன்.

ஜூன் 13

மூன்று மணிக்கு ஹார்பருக்குப் போனேன். நாயகத்திடம் சாமான் வாங்கப் போவதாகச் சொன்னேன். ஏலக்கூடத்தில் சம்மாட்டி ஐஸ் பெட்டிகளை எண்ணிக்கொண்டிருந்தார். சூசையும் இன்னும் நாலைந்து பேரும் வலையைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். அவர்கள் கேட்கும்படியே சொன்னேன்.

“பம்பு லைனை மெயினுக்கு முன்னாடி எடுக்கணும்னு எம் மவன் சொன்னான். நான் எடுக்கல. எடுத்தாச்சான்னு கேட்டான். எடுத்தாச்சுன்னு பொய் சொன்னேன். போட்டை முக்குனது நான்தான்.”

யாரும் சிரிக்கவில்லை. சம்மாட்டி எண்ணுவதை நிறுத்திவிட்டு மணியைப் பார்த்தார்.

“நாலு மணிக்கு அந்தக் குளச்சல்காரருக்குப் போன் போட்டு வரச் சொல்லணும்னு இருந்தேன், அண்ணாச்சி. நல்ல வேளைக்கு வந்திய.”

“ஒங்களுக்கு முன்னாடியே தெரியுமா?”

“தெரியாது. ஆனா போட்டு உக்காந்த அன்னைக்குச் சாயந்தரம் நாயகம் எங்க வீட்டுக்கு வந்தான். தப்பு என் மேல இல்ல, யார் மேலன்னு நான் சொல்லமாட்டேன், உள்ளவரே வந்து சொல்லுவாரு, அதுவரைக்கும் ஆள் போடாதீங்கன்னான். எத்தன நாள்ல வருவாருன்னு கேட்டேன். ரெண்டு நாள்ல வந்துருவாருன்னான். ரெண்டு நாள் முடிஞ்சு வந்தான், இன்னும் ரெண்டு நாள் பொறுங்கன்னான். அப்புறமும் வந்தான். நேத்து வரல.”

நான் கொண்டுபோயிருந்த சாமான் பையை எடுத்துக்கொண்டு படகுக்குள் இறங்கினேன். அடியில் புதுத்தண்ணீர் கொஞ்சம் சேர்ந்து கறுத்துக் கிடந்தது. பைப்பைப் பிரித்து, பம்பு லைனை வெட்டி, பேட்டரியிலிருந்து நேராக எடுத்தேன். பேட்டரி ஓரத்திலேயே ஒரு பியூஸ் வைத்தேன். அப்படி வைத்தால் தீக்குப் பயம் இல்லை. இது எனக்கு அன்றைக்கே தெரியும். மெயினை அணைத்துவிட்டு மிதவையைக் கையால் தூக்கினேன். பம்பு ஓடியது. அரை மணி நேர வேலை.

வீட்டுக்கு வந்து, “சம்மாட்டி ஒன்னய வரச் சொன்னாரு. நாளைக்கே வேணுமாம்” என்றேன்.

நாயகம் என் கையைப் பார்த்தான். முழங்கைவரை கறுப்பு. “சரிப்பா” என்றான். ஆவுடை என்னை முறைத்தாள். எதுக்கு அனுப்புகிறேன் என்று அவளுக்குப் புரியவில்லை.

உண்மையைச் சொல்ல எனக்கு இரண்டு நாள் போதும் என்று அவன் நினைத்திருக்கிறான்.

ஜூன் 15

காலை ஐந்தரை மணிக்குப் படகுகள் கிளம்பின. பாலத்தின் மேல் நின்றேன். ‘சந்தியாகப்பர்’ ஒன்பதாவதாகப் போனது. பக்கவாட்டில் பம்பு தண்ணீர் அடித்துக்கொண்டே போனது. நாயகம் எஞ்சின் அறையில் இருந்திருப்பான், வெளியே தெரியவில்லை. ஹார்பர் வாடை அப்படியேதான் இருக்கிறது, எனக்கு அது பழகாது.

கடைக்கு வந்து உட்கார்ந்தேன். வேலை ஓடவில்லை. சம்மாட்டியிடம் சொன்னேன், சூசையிடம் சொன்னேன், வலை பிரித்த நாலு பேரிடம் சொன்னேன். டைரியில் எழுதிவிட்டேன். நாயகத்திடம் இன்னும் சொல்லவில்லை.

படகு இரவு ஒன்பது மணிக்குத் திரும்புமாம். எட்டு மணிக்கே போய் நிற்கப்போகிறேன்.